பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை: மூன்றாம் வார்த்தைக்குப் பிறகு சபை ஏன் தளர்கிறது?

சேகரச் செயலர்:
ஸ்தோத்திரம். பெரிய வெள்ளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, இப்போதே கேட்டுவிடுகிறேன். கிராமச் சபை, தகரக் கூரை, 250 பேர் வருவார்கள். பகல் 12 மணி முதல் 3 மணி வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் தியானிப்பது வழக்கம். மூன்றாம் வார்த்தை முடியும்போதே ஆட்கள் எழுந்து வெளியே போகத் தொடங்குகிறார்கள். ஐந்தாம் வார்த்தைக்குப் பாட்டு மெலிந்துவிடுகிறது, ஏழாவது அவசர அவசரமாக முடிகிறது. கமிட்டியில் பாதிப் பேர் இரண்டு மணி நேரமாகக் குறைக்கச் சொல்கிறார்கள். மீதிப் பேர், "ஆண்டவர் மூன்று மணி நேரம் தொங்கினாரே, நம்மால் உட்காரக்கூட முடியாதா?" என்கிறார்கள். அனுபவமுள்ள பெரியவர்கள் வழி சொல்லுங்கள்.

நெல்லை உபதேசியார்:
தம்பி, முதலில் ஒரு தாளில் நேரத்தை எழுதிப் பாருங்கள். 180 நிமிடம். தொடக்கத்துக்கு 6, முடிவுக்கு 6. மீதி 168ஐ ஏழால் வகுத்தால் வார்த்தைக்குச் சரியாக 24. அந்த 24க்குள் பாடல் 4, வேத வாசிப்பு 1, தியானம் 11, மௌனம் 2, ஜெபம் 3, முடிவில் மறுபாடல் 3. அப்படியானால் வார்த்தைகள் தொடங்க வேண்டிய நேரம் 12.06, 12.30, 12.54, 1.18, 1.42, 2.06, 2.30. ஏழாவது 2.54க்கு முடியும். இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, பேசுகிற ஏழு பேருக்கும், பாடகர் குழுத் தலைவருக்கும், மைக் பார்ப்பவருக்கும் ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

நேரம் எங்கே கசிகிறது என்று கவனித்தால் பெரும்பாலும் முதல் வார்த்தையில்தான். சபை நிறைந்திருக்கிறது, தெம்பாக இருக்கிறது, பேசுகிறவர் 11 நிமிடத்தை 22 ஆக்கிவிடுகிறார். அதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அந்தக் கடனை அடைப்பது ஆறாம், ஏழாம் வார்த்தைகள். "முடிந்தது" என்ற வார்த்தைக்கு 5 நிமிடம் மிஞ்சுகிறது என்றால் நாம் சிலுவையண்டையில் எதற்காக வந்து உட்கார்ந்தோம் என்பதே போய்விடுகிறது.

11 நிமிடம் என்றால் எழுதி வைத்தால் ஏறக்குறைய 1000 சொல். குறிப்பு மட்டும் வைத்துப் பேசுகிறவர் கட்டாயம் தாண்டுவார். அதனால் ஏழு பேரையும் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாசிக்க வேண்டாம், எழுதினால் போதும், அளவு தானாக வந்துவிடும். 9ஆம் நிமிடத்தில் முதல் வரிசையில் இருக்கும் ஒருவர் அட்டை காட்டட்டும். மூத்த போதகருக்கும் அதே அட்டைதான்.

இன்னொரு கசிவு ஜெபம். 3 நிமிட ஜெபத்தில் இப்போது கேட்ட பிரசங்கம் முழுவதும் திரும்ப வரும். ஜெபத்தை வேறு ஒருவரிடம் கொடுங்கள், அதையும் எழுதிக் கொடுங்கள். நான்கு விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் பிறகு சபை "எங்களுக்கு இரங்கும், கர்த்தாவே" என்று மறுமொழி சொல்லட்டும்.

வாசிப்பு மேசை:
கமிட்டியில் சொல்லப்படும் அந்த வாக்கியத்தைப் பற்றி ஒரு சிறு திருத்தம். மாற்கு 15:25 சிலுவையில் அறைந்த நேரத்தை "மூன்றாம் மணி" என்கிறது, அதாவது காலை 9. ஒன்பதாம் மணி பிற்பகல் 3. மாற்குவின் கணக்குப்படி ஆறு மணி நேரம். நாம் ஆசரிப்பது அதில் பிந்திய பாதி, ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணி வரை தேசமெங்கும் அந்தகாரம் உண்டான நேரம். ஆகவே, "அவர் தொங்கிய அளவுக்கு நாம் உட்காருகிறோம்" என்ற ஒப்பீட்டை விட்டுவிடுவது நல்லது. அது ஜனங்களுக்குக் குற்ற உணர்வைத் தரும், பக்தியைத் தராது.

இந்த ஆராதனை முறை ஆதிச் சபையிலிருந்து வந்ததும் அல்ல. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரு நாட்டின் லிமா நகரில் அலோன்சோ மெசியா என்ற இயேசு சபைக் குரு தொடங்கிவைத்த தியானம் இது. பின்னர் ஐரோப்பாவுக்குப் பரவி, 1860களில் இங்கிலாந்துத் திருச்சபைக்குள் வந்தது. ஆங்கிலிக்கன் வழியில்தான் நம் பக்கமும் வந்து சேர்ந்தது. எனவே மூன்று மணி நேரம் என்பது கட்டளை அல்ல. ஆனால் அதில் ஒரு ஞானம் இருக்கிறது. அரை மணி நேரத்தில் நெகிழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஒரு கட்டத்தில் உணர்ச்சி வற்றிவிடும், அதற்குப் பிறகும் உட்கார்ந்திருப்பதுதான் அங்கே நடக்கிற வழிபாடு. நேரத்தைக் குறைக்காதீர்கள் என்பதே என் கருத்து. உள்ளிருப்பதைச் சீர்படுத்துங்கள்.

சலிப்பு வருவதற்கு முதல் காரணம், ஏழு பேரும் ஒரே கதையைச் சொல்வது. கெத்செமனே, பிலாத்து, சவுக்கு, முள்முடி, ஆணி என்று ஒவ்வொருவரும் அடியிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான்காம் ஆளுக்கு வரும்போது சபைக்கு அது நான்காம் தடவை. அதனால் எல்லையை முன்கூட்டியே பிரித்துக் கொடுங்கள்.

முதல் வார்த்தைக்கு லூக்கா 23:34 மட்டும். மன்னிப்பும் வஸ்திரத்துக்குச் சீட்டுப் போடுவதும் ஒரே வசனத்தில் இருக்கின்றன, அது போதும். இரண்டாவதற்கு 23:39 முதல் 43, இரண்டு குற்றவாளிகள். பரதீசு எங்கே இருக்கிறது என்ற ஆராய்ச்சி வேண்டாம். மூன்றாவதற்கு யோவான் 19:25 முதல் 27, தாயும் சீஷனும். நான்காவதற்கு மாற்கு 15:33-34ஐ 22ஆம் சங்கீதத்தோடு சேர்த்து எடுக்க வேண்டும். ஐந்தாவது யோவான் 19:28-29. இங்கே அடிக்கடி ஒரு பிழை நேரும். வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை (மாற்கு 15:23), அது சிலுவையில் அறையும் முன் கொடுத்தது. கடற்காளானில் தோய்த்துக் கொடுத்த காடியை வாங்கினார் (யோவான் 19:30). இரண்டையும் ஒன்றாக்கி, "குடிக்க மறுத்தார்" என்று பிரசங்கிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆறாவதற்கு யோவான் 19:30 ஒன்றே. ஏழாவதற்கு லூக்கா 23:46-47, சங்கீதம் 31:5, நூற்றுக்கு அதிபதியின் சாட்சி.

பழைய ஹார்மோனியம்:
பாட்டு மெலிவதைப் பற்றி நான் சொல்கிறேன். ஜனங்களுக்குப் பக்தி குறைந்ததால் மெலிவதில்லை அண்ணாச்சி, தொண்டை போய்விடுவதால் மெலிகிறது.

சுருதி: பாடகர் குழுவுக்கு வசதியான இரண்டரை, மூன்று கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) ஆரம்பிக்காதீர்கள். ஆணும் பெண்ணும் முதியவரும் சேர்ந்து பாடும் கீர்த்தனைக்கு ஒரு கட்டை, மிஞ்சினால் ஒன்றரை. சரணம் மேல் ஸ்தாயியில் காந்தாரத்தைத் தொட்டாலே ஒரு கட்டையில் பெண்களுக்கு அது உச்சம். பஞ்சமம் வரை போகிற பாட்டைச் சபைக்குக் கொடுக்கவே வேண்டாம், குழு பாடட்டும். பாமாலையின் மேற்கத்திய மெட்டுகளையும் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் சுருதியிலிருந்து அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்குங்கள். அன்றைக்குப் பலர் உபவாசம், வாய் வறண்டிருக்கும்.

எண்ணிக்கை: வார்த்தைக்கு இரண்டு என்றால் 14, தொடக்கமும் முடிவும் சேர்த்து 16 பாட்டு. ஏழெட்டுச் சரணமுள்ள கீர்த்தனையை முழுவதும் பாடினால் 8 நிமிடம் போகும். அந்த வார்த்தைக்குப் பொருந்தும் மூன்று சரணத்தை முன்பே தேர்ந்து, எண்ணோடு தாளில் அச்சிடுங்கள். "1, 3, 6 சரணங்கள்" என்று மேடையில் அறிவிக்கும் வேலையே இருக்கக்கூடாது. பல்லவியை ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரே தரம் எடுத்தால் போதும்.

அடுத்தது ராகமும் தாளமும், இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. துக்க நாள் என்று 16 பாட்டையும் விளம்பத்தில் (மெதுவான நடையில்), ஆதி தாளத்தில், ஒரே வகையான சோக ராகத்தில் வைத்தால் எந்தப் பக்தனும் தளர்ந்துபோவான். கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கிறதே, அதைப் பார்த்து அடுக்குங்கள். முகாரிக்குப் பிறகு உடனே புன்னாகவராளி வேண்டாம். நடுவில் ஒரு பாமாலை மெட்டு வரட்டும். ஆதிக்குப் பிறகு ரூபகமோ சாபுவோ வரட்டும். இரண்டாம் வார்த்தை வாக்குத்தத்தம், அதற்கு ஆனந்தபைரவி பொருந்தும். ஆறாம் வார்த்தை ஜெயத்தின் வார்த்தை, அங்கே பாட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். அதையும் அழுகையாக்கிவிட்டால் ஆராதனை சரிந்துவிடும்.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் இதே சிக்கலைச் சந்தித்தவர். ஸ்பெயினில் காதிஸ் நகரத்துப் பெரிய வெள்ளி ஆராதனைக்காக ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு இசைப் பகுதிகளை 1786இல் எழுதினார். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, ஒரு விளக்கு மட்டும் எரியும். ஆயர் ஒரு வார்த்தையைச் சொல்லி விளக்கிவிட்டு இறங்கி வந்து முழங்காலிடுவார், அந்த இடைவெளியை இசை நிரப்ப வேண்டும். பத்துப் பத்து நிமிடமாக ஏழு விளம்பப் பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பவர் களைப்படையாமல் அமைப்பது எளிதாக இல்லை என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அவர் செய்ததைப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு பகுதிகள் ஒரே சுருதியில் இல்லை. நான்காம் வார்த்தை எஃப் மைனர், ஐந்தாவது ஏ மேஜர். அந்த ஐந்தாவதில், தாகத்துக்கு, வயலின்கள் வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியைச் சுண்டுகின்றன. சொட்டுச் சொட்டாக விழுவது போல இருக்கும். கடைசியில் பூமி அதிர்ந்ததற்கு ஒரு வேகமான பகுதி. அவ்வளவு பெரிய மேதையே கேட்பவரின் களைப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்றால், நாம் எடுத்துக்கொள்வதில் குறைவு ஒன்றுமில்லை.

கீபோர்டில் தானியங்கித் தாளத்தை அன்றைக்கு அணைத்துவிடுங்கள். மௌன நேரத்தில் மெல்லிசை இழுத்துக்கொண்டிருப்பதும் வேண்டாம். மௌனம் என்றால் மௌனம்.

கிருபையின் பிள்ளை:
மன்னிக்கவும், எனக்கு ஒரு கேள்வி. "அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று ஆண்டவர் சொன்னாரே (மத்தேயு 6:7). நேரத்தை அளந்து உட்கார்ந்திருப்பதை முழு இருதய ஆராதனை என்று எப்படிச் சொல்வது? பத்து நிமிடம் உண்மையாக ஜெபிப்பது மேலானது அல்லவா?

வாசிப்பு மேசை:
நியாயமான கேள்வி, சிஸ்டர். அந்த வசனம் கண்டிப்பது, அதிகம் பேசினால் தேவன் கேட்பார் என்ற எண்ணத்தை. மும்மணி ஆராதனையில் நாம் தேவனிடம் எதையும் சம்பாதிக்க உட்காரவில்லை. கெத்செமனேயில், "நீங்கள் ஒரு மணிநேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா?" என்று கேட்டவர், அதே மூச்சில், "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்றும் சொன்னார் (மத்தேயு 26:40-41). இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். விழித்திருக்க அழைக்கிறார், பலவீனத்தையும் அறிந்திருக்கிறார். மனம் சிதறுவது பாவம் என்று யாரையும் நினைக்க வைக்காதீர்கள். சிதறிய மனதைத் திரும்பத் திரும்பச் சிலுவைக்குக் கொண்டுவருவதே அந்த மூன்று மணி நேரத்தின் உழைப்பு. மனம் நாற்பது தரம் சிதறினால் நாற்பது தரம் திரும்பி வரலாம். அதுவும் முழு இருதயம்தான்.

அதேசமயம், 12 முதல் 3 வரை முழுவதும் இருக்க முடியாதவர் இரண்டு வார்த்தைக்கு மட்டும் வந்து போகலாம் என்று முந்தின ஞாயிறே வெளிப்படையாக அறிவியுங்கள். ஜெபம் நடக்கும்போது வேண்டாம், மறுபாடலின்போது வரட்டும், போகட்டும். அந்த அனுமதி இருந்தால் போகிறவரும் தலைகுனிந்து போக மாட்டார், இருக்கிறவருக்கும் இடைஞ்சல் இல்லை.

நெல்லை உபதேசியார்:
மூன்றாம் வார்த்தைக்குப் பிறகு ஏன் என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு வருகிறேன். மூன்றாவது முடியும்போது மணி 1.18. காலையிலிருந்து பட்டினி, கூரையில் உச்சி வெயில், 78 நிமிடமாகப் பெஞ்சில் ஒரே நிலை. கால் மரத்துப்போகிற நேரம் அது. அதனால் நான்காம் வார்த்தையின் தொடக்கப் பாடலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சபையை எழுந்து நிற்கச் சொல்லி 22ஆம் சங்கீதத்தை மாற்றி மாற்றி வாசியுங்கள். 31 வசனம். ஒற்றை எண்ணை நடத்துகிறவர், இரட்டை எண்ணைச் சபை. 5, 6 நிமிடம் பிடிக்கும். கூடுதல் நேரத்தை அந்தத் தியானத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள், சங்கீதமே பாதித் தியானம். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று தொடங்கி, 24ஆம் வசனத்தில் உபத்திரவப்பட்டவனுடைய உபத்திரவத்தை அவர் அற்பமாயெண்ணவில்லை என்று வந்து சேரும்போது, அந்த வாக்கியம் சபையின் வாயிலேயே இருக்கும் (இரட்டை எண் அல்லவா!). நின்று, மூச்சுவிட்டு, சத்தமாக வாசித்த பிறகு உட்காருகிற சபை வேறு மாதிரி இருக்கும்.

அதன் பிறகு ஒவ்வொரு மறுபாடலுக்கும் நில்லுங்கள். முழங்காலில் நிற்பதை ஆறாம் வார்த்தையின் மௌனத்துக்கு மட்டும் வையுங்கள், 2 நிமிடம்.

மருத்துவ ஊழியர்:
எழுந்து நிற்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நீண்ட நேரம் உட்கார்ந்துவிட்டு, வெறும் வயிற்றில், வெக்கையில் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் விழும். பிரஷர் மாத்திரை எடுக்கும் பெரியவர்கள்தான் அதிகம் மயங்குவார்கள். "இயலாதவர்கள் அமர்ந்திருக்கலாம்" என்ற வரியைத் தாளிலேயே அச்சிடுங்கள். மயங்கி விழுந்தவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். படுக்க வைத்து, காலை உயர்த்தி, சுற்றி நிற்கிற கூட்டத்தை விலக்குங்கள்.

சர்க்கரை நோயாளிகள் விஷயம் இதைவிட முக்கியம். இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ காலையில் எடுத்துக்கொண்டு 3 மணி வரை சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பமான பேச்சு. தகரக் கூரையின் கீழ் எல்லோருக்கும் வியர்ப்பதால் முதல் அறிகுறி கண்ணில் படாது. சுயநினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், தெளியவில்லையென்றால் இன்னொரு தரம். தெளிந்ததும் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 108. இப்படிப்பட்டவர்கள் உபவாசம் இருக்க வேண்டாம் என்று போதகரே பீடத்திலிருந்து சொன்னால்தான் கேட்பார்கள். வீட்டில் பிள்ளைகள் சொன்னால் கேட்க மாட்டார்கள். உபவாசத்துக்குப் பதிலாக அன்றைக்கு எதை விடலாம் என்பதையும் போதகர் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் மனம் நோகாது.

தண்ணீர்ப் பானை வாசலுக்கு வெளியே இருந்தால் போகிறவர் திரும்பி வருவதில்லை. பக்கக் கதவுக்கு உட்புறம் வையுங்கள்.

மணப்பாறை மரியான்:
கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து. எங்களில் பெரிய வெள்ளி நோன்பு 18 வயது நிறைந்தவர்களுக்குத் தொடங்கி 60ஆம் வயது தொடங்கும்வரைதான் கடமை, அதுவும் ஒருவேளை முழுச் சாப்பாடு அனுமதி. நோயாளிகளுக்கு விலக்கு. எனவே மருத்துவ ஊழியர் சொல்வது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் பாடுகளின் வழிபாட்டில் உங்களுக்கு உதவக்கூடிய ஒன்று இருக்கிறது. குரு பாட்டும் வரவேற்பும் இல்லாமல் வந்து பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து கிடப்பார், சபை முழுவதும் முழங்காலில் மௌனமாக இருக்கும். ஒரு வார்த்தை பேசாமல் தொடங்கும் வழிபாடு அது. உங்கள் முதல் 6 நிமிடத்தை வரவேற்புரை, பேச்சாளர் அறிமுகம் என்று செலவிடாமல் இப்படி மௌனத்தில் தொடங்கிப் பாருங்கள். ஏழு பேரின் பெயரும் தாளில் இருக்கிறதே, மேடையில் அறிமுகம் எதற்கு?

ஒலிப்பெட்டி:
மின்விசிறியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பெடஸ்டல் ஃபேன் மைக்கைப் பார்த்து இருந்தால் ஸ்பீக்கரில் புயல் அடிக்கும். பிரசங்கபீடத்துக்குப் பின்னாலிருந்து சபையைப் பார்த்து வைக்காமல், பக்கச் சுவரிலிருந்து குறுக்காக வீசும்படி வையுங்கள், மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள். ஏழு பேர் உயரமும் வேறு, ஒவ்வொருவரும் வந்து மைக்கைத் தட்டிப் பார்ப்பது மௌனத்தைக் கெடுக்கும். மறுபாடலின்போதே அடுத்தவர் வந்து நின்று உயரத்தைச் சரிசெய்துகொள்ளட்டும். ஜெனரேட்டரைக் காலையில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், டேங்கில் மூன்றரை மணி நேரத்துக்கு டீசல் இருக்கட்டும். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மெழுகுவர்த்தியை அணைக்கும் வழக்கம் நண்பகலில் எடுபடாது. வெளிச்சத்தில் சுடர் தெரியாது, விசிறிக் காற்றில் தானே அணைந்துவிடும்.

சேகரச் செயலர்:
எல்லாருக்கும் மிக்க நன்றி. இரண்டு கேள்வி மீதி. காணிக்கையை எப்போது எடுப்பது? சிறுபிள்ளைகளை என்ன செய்வது? மூன்று மணிக்குக் கஞ்சி ஊற்றும் வழக்கமும் உண்டு, அதற்கு அளவு சொன்னால் நல்லது.

பழைய ஹார்மோனியம்:
காணிக்கைப் பை நடுவில் சுற்றவே கூடாது. சில்லறைச் சத்தமும் பை கைமாறுவதும் சேர்ந்து பத்து நிமிடத் தியானத்தைக் கலைத்துவிடும். வாசலில் பெட்டி வையுங்கள், தாளில் ஒரு வரி போடுங்கள்.

நெல்லை உபதேசியார்:
பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள் தம்பி. ஏழு வேத வாசிப்பையும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஏழு பேரிடம் கொடுங்கள், பன்னிரண்டு வயதுக்கு மேல். "ஈசோப்புத்தண்டு", "சபக்தானி" எல்லாம் நாக்கில் பழக இரண்டு வாரம் ஒத்திகை வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் தாய்மாரையும் பக்கக் கதவோரப் பெஞ்சில் உட்கார வையுங்கள், குழந்தை அழுதால் இரண்டு எட்டில் வெளியே போய்விடலாம்.

கஞ்சிக்கு ஆளுக்கு 60, 70 கிராம் அரிசி. 250 பேருக்கு 15 முதல் 18 கிலோ, எட்டு மடங்கு தண்ணீர். குழைந்து வரட்டும், உப்பு சற்றுத் தூக்கலாக இருக்கலாம், வியர்த்தவர்களுக்கு அது வேண்டும். தேங்காய்த் துவையலும் சிறுபயறும் போதும். 2 மணிக்கே அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். 3 மணிக்கு இறக்கினால் வெறும் வயிற்றில் சுடச்சுடக் குடிக்க முடியாமல் வரிசை நகராது. சமையல் செய்கிறவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு அணி முதல் மூன்று வார்த்தைக்கு உள்ளே, மற்ற அணி கடைசி மூன்றுக்கு உள்ளே. நான்காம் வார்த்தைச் சங்கீதத்துக்கு மாறிக்கொள்ளட்டும். ஆண்டாண்டாக அடுப்படியிலேயே பெரிய வெள்ளியைக் கழிக்கிற அக்காமார் ஒவ்வொரு சபையிலும் உண்டு, அவர்கள் பெயரை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.